சித்திரையில் குடிக்க வேண்டிய தண்ணீர்

எங்கள் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "அவரு கப்பலேறிக் கடல்ல போனாருங்க. அதோட கையில இருந்த வாக்குப் போயிருச்சுங்க" என்பார்கள். கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்க என்னைத் தேடி வருகிறவர்களிடம் இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை. பழியைக் கடல் மேல் போட்டுவிட்டுச் சொகுசாக உட்கார்ந்திருக்கிறேன். கடல் வந்து வழக்காடப் போகிறதா என்ன? ஆனால் அது பொய். என் கையிலிருந்து எதையும் கடல் பிடுங்கவில்லை. நான்தான் ஒரு குப்பத்து ஜனங்களின் வாயிலிருந்து பிடுங்கினேன்.

மோகனூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் காடு. மேட்டு நிலம். காவிரி கண்ணுக்குத் தெரியும், காலுக்கு வராது. அதனால் எங்களுக்குக் கிணறுதான் சகலமும். எட்டு ஆள், பத்து ஆள் ஆழத்துக்குப் பாறையை உடைத்துக்கொண்டு போய்த்தான் தண்ணீரைக் காண வேண்டும். அத்தனை பாடுபட்ட பிறகு கிணறு பொய்த்தால் குடும்பமே குலைந்துவிடும். ஆகவே வெட்டுவதற்கு முன்னால் இடம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த வேலை. இரண்டாகப் பிரிந்த வேப்பங்குச்சியை, கவை என்போம், கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலில் நிலத்தின் மேல் நடப்போம். கவை எங்கே சுழல்கிறதோ அங்கே நிற்போம்.

இதற்குக் கூலி வாங்குவதில்லை. கிணற்றில் தண்ணீர் கண்டதும் இடம் சொன்னவனைக் கூப்பிட்டு முதல் கை தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள். அத்தோடு முடிந்துவிடாது. அடுத்த சித்திரையில், ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிறபோது, அவன் தானாகவே திரும்பப் போய் இன்னொரு கை குடிக்க வேண்டும். கூப்பிடக் காத்திருக்கக் கூடாது. அப்போதும் தண்ணீர் இருந்து, அதுவும் வாய்க்கு நன்றாக இருந்தால்தான் கிணற்றுக்காரர் வேட்டி கொடுப்பார், இவன் வாங்கிக்கொள்ளலாம். மழை முடிந்த தை மாதத்தில் எந்தக் குழியிலும் தண்ணீர் நிற்கும், அதைக் குடித்துவிட்டு வேட்டி வாங்குகிறவன் ஏமாற்றுக்காரன் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாங்கிய நிலத்துக்கு என்னை அழைத்து இடம் பார்க்கச் சொன்னார். சொன்னேன். தண்ணீர் பீறிட்டு வந்தது. சித்திரையில் போய்க் குடித்தபோதும் குறையவில்லை. துரைக்கு என் மேல் அப்படி ஒரு பிரியம் விழுந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்தாற்போல் அவருக்கு ஒரு பங்களா இருந்தது. அங்கே ரோஜாத் தோட்டம் போட ஆசைப்பட்டார். இருந்த சின்னக் கிணறு வேனிலில் கரித்தது. "நீர் வந்து இடம் காட்டும். என் படகிலேயே கூட்டிப் போகிறேன்" என்றார்.

கடலை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மறுக்கத் தோன்றுமா? என் மனைவிதான் கேட்டாள்: "ஏனுங்க, அந்த மண்ணு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"மண்ணு எங்கயும் மண்ணுதான் அம்மிணி" என்றேன். அந்தத் திமிர்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

தை மாதக் கடைசியில் சேலத்தில் ரயிலேறிக் கடலூர் போனேன். அங்கே துரையின் படகு நின்றது. அதை அவர் 'யாட்' என்பார். அதை ஓட்டிய தண்டல், கடலூர்க்காரர், துரைப்படகு என்பார். நான் ஊர் திரும்பிய பிறகு கப்பல் என்றேன், கேட்டவர்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. வெள்ளை வெளேரென்று இரண்டு பாய், முகம் பார்க்கலாம் போலப் பித்தளைப் பூண்கள், உட்காரத் திண்டு வைத்த பலகை. சரக்கு ஏற்றாமல், மீன் பிடிக்காமல், சும்மா போய்வருவதற்கென்றே ஒரு படகு கட்டுவார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் புறப்பட்டோம். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. நல்ல காற்று என்று தண்டல் மகிழ்ந்தார். எனக்கு அரை மணி நேரத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. பித்தளைப் பூணைக் கட்டிக்கொண்டு ஓங்கரித்தேன். துரை என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுருட்டுப் பற்ற வைத்தார், அந்த வாடையில் இன்னும் மோசமாயிற்று. தண்டல் உப்பு நாரத்தங்காய் கொடுத்து, "கரையவே பாத்துக்கிட்டு இருங்க ஐயா, தண்ணியப் பாக்காதீங்க" என்றார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்தே பேர் வாங்கியவனுக்கு இப்படி ஒரு உபதேசம்.

மதியத்துக்கு முன்னால் அவர் கரையைக் காட்டி, "அதோ, காவேரி கடல்ல சேர்ற எடம்" என்றார். எழுந்து நின்று கும்பிட்டேன். பிறகுதான் பார்த்தேன். மோகனூரில் ஒரு மைல் அகலத்துக்கு மணலும் தண்ணீருமாகப் படுத்திருக்கும் ஆறு, அங்கே வாய்க்கால்போல ஒடுங்கி, மணல் திட்டுக்குப் பின்னால் நின்றிருந்தது. செல்வாக்காக வாழ்ந்த சொந்தக்காரரை வெளியூரில் கிழிந்த துணியோடு பார்த்ததுபோல் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. தெரியாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு தரங்கம்பாடிக் கோட்டை போயிற்று, காரைக்கால் போயிற்று. வெயில் சாயும்போது நாகூர் மினார்கள் தண்ணீருக்குள்ளிருந்து முளைத்தவைபோல் தெரிந்தன. அப்புறம் நாகப்பட்டினம்.

அந்த ஊரைக் கடல் வழியாக வந்து பார்த்தவன் மறக்க மாட்டான். கரைக்கு எட்ட ஒரு நீராவிக் கப்பல் நின்றது, பினாங்குக்குப் போவதாம். டிரங்குப் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் படகுகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அழுகிறவர்கள் அழுதார்கள், தேங்காய் விற்கிறவர்கள் விற்றார்கள். உள்ளே டச்சுக்காரர்கள் காலத்துப் பழைய சுவர்கள், எந்த ராஜா காலத்திலிருந்தோ கப்பல் வந்து போன துறை என்று துரை சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நாள் முழுக்கக் குடித்த தண்ணீர் வயிற்றில் தங்காமல் நாக்கு அட்டையாய் ஒட்டிக்கொண்டிருந்தது. கரைப்படகிலிருந்து இறங்கியதும் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

பங்களாச் சுவருக்கு வெளியே மணலில் ஒரு பள்ளம். முழங்கால் ஆழம்தான் இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு மீனவ அம்மாள் குந்தி உட்கார்ந்து, கொட்டாங்குச்சியால் தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கொட்டாங்குச்சியை நீட்டினார். குடித்தேன். இளநீர் தோற்றது. கடலுக்கு நூறு அடியில் அப்படி ஒரு தண்ணீர்! இரண்டாவது கேட்டேன், மூன்றாவதும் கேட்டேன்.

"குடிங்கய்யா, ஊற ஊற வரும். எங்க குப்பமே இதுலதான் குடிக்குது" என்றார்.

மறுநாள் காலை, துரையும் துரைசானியும் தோட்டக்காரரும் சூழ்ந்து நிற்க, வேப்பங்கவையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்தேன். இங்கேதான் எங்கள் ஊரில் நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். கவை சுழலவில்லை. மூலைக்கு மூலை நடந்தேன், எங்கும் சுழலவில்லை. மணல் காலடியில் பேசவே இல்லை. இத்தனை தூரம் அழைத்து வந்திருக்கிறார், தெரியவில்லை என்று சொன்னால் மூக்கறுந்துபோகும். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாளின் கொட்டாங்குச்சிச் சத்தம் கேட்டது. நேராகச் சுவரோரம் போனேன். ஊற்றுக்குப் பத்தடி தள்ளி, நானே மணிக்கட்டைத் திருப்பிக் கவையைச் சுழற்றிக் காட்டினேன். துரைசானி கைதட்டினார்.

வெட்ட ஆரம்பித்தார்கள். இடுப்பளவிலேயே தண்ணீர் வந்துவிட்டது. வெட்டியவர்கள் சுடுமண் உறைகளை இறக்கிக்கொண்டே இரண்டு ஆள் ஆழத்தில் நிறுத்திவிட்டார்கள். இங்கே அவ்வளவுதான் வழக்கம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு ஆள் ஆழமா? அதைக் கிணறு என்று எங்கள் ஊரில் சொன்னால் கன்றுக்குட்டிகூடச் சிரிக்கும். இன்னும் போகச் சொன்னேன்.

அந்த அம்மாள் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "ஐயா, ரெண்டாளுக்குக் கீழ போவாதீங்க. அடியில கடலு இருக்கு" என்றார்.

"அடியில கடலுங்களா? போகப் போகத் தண்ணி பெருகுமுங்க அம்மா. நாங்க பார்க்காத கெணறா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து ஆள் ஆழம் போனோம். அதோடும் விடவில்லை. கொட்டாங்குச்சியால் மொள்ளுகிற ஊரில் கொங்கு நாட்டுக் கவலை ஏற்றத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க இறங்க, தோல் பறி நிறையத் தண்ணீர் மேலே வந்து கொட்டும். கொண்டப்பநாயக்கன்பட்டித் தோட்டத்தில் சும்மா கிடந்த கவலையைத் துரை ரயிலில் ஏற்றி வரவழைத்தார். மண்ணை மேடாக்கிச் சரிவு கட்டினேன். மாடு பழக்கினேன். முதல் பறி கொட்டியபோது குப்பத்துக் குழந்தைகள் எல்லாம் ஓடிவந்து கத்தினார்கள். முதல் கை தண்ணீர் குடித்தேன். நன்றாகவே இருந்தது. துரை ஜரிகைக்கரை வேட்டி ஒன்றை நீட்டினார்.

சித்திரைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். இவ்வளவு தூரம் யார் மறுபடி வரப்போகிறார்கள் என்ற நினைப்பு. புறப்படும்போது தோட்டக்காரரிடம் பெரிய மனிதத் தோரணையில் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்: "புதுக் கெணறுங்க. எப்பவாவது உப்புத் தட்டுனா பயப்படாதீங்க. எறைச்சுக் கொட்டிக்கிட்டே இருங்க, தெளிஞ்சுரும்." எங்கள் பாறைக் கிணறுகளுக்கு அது சரி.

ஊரில் எனக்கு ராஜ மரியாதை. சாயங்காலம் ஆனால் கப்பல் கதை கேட்க ஆள் கூடிவிடும். அலையைப் பற்றிச் சொல்வேன், மினாரைப் பற்றிச் சொல்வேன், வாந்தியைக்கூட இரண்டு பங்காகச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். சித்திரை வந்தது, போயிற்று. நான் போகவில்லை. பருத்தி வேலை, மாட்டுக்கு நோவு, ஒன்றில்லை என்றால் ஒன்று.

ஆனியில் சேலம் போனபோது கொண்டப்பநாயக்கன்பட்டிக் கடையில் துரையின் சமையற்காரரைப் பார்த்தேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "பங்களாக் கெணறு பங்குனியிலயே உப்பாயிருச்சுங்க. ரோஜாவெல்லாம் கருகிப்போச்சு. துரை உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க சொன்னபடி எறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்தக் குப்பத்துப் பொம்பளைங்கதான் கேட்டுக்கு வந்து சத்தம். அவங்க ஊத்தும் கரிக்குதாம்."

'அடியில கடலு இருக்கு' என்றது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அங்கே நல்ல தண்ணீர், பாலின் மேல் ஆடைபோலக் கடல் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கிறது. கொட்டாங்குச்சிக்காரர்களுக்கு அது தெரியும். அதனால்தான் கொட்டாங்குச்சி. நான் மாடு கட்டி ஆடையை வழித்தெடுத்துவிட்டு, அடியில் இருந்ததை மேலே இழுத்து விட்டேன்.

தெரிந்த அன்றே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலமும் கப்பல் கதை சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. குற்றம் என்று தெரியாமல் செய்தது ஒன்று. தெரிந்த பிறகு பத்து மாதம் பூசி மெழுகியதுதான் என்னுடைய நிஜக் குற்றம்.

என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, அந்தச் சரிகை வேட்டிய நோம்பிக்குக்கூடக் கட்ட மாட்டீங்கறீங்க?" என்று பொங்கலன்று கேட்டாள். எரிந்து விழுந்தேன். மறு சித்திரை பிறந்த மூன்றாம் நாள், என் பையில் கட்டுச்சோறும் மாற்று வேட்டியும் வைத்து, அந்த ஜரிகை வேட்டியையும் மடித்து மேலே வைத்தாள். "போயிட்டு வாங்க" என்றாள். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

இந்தத் தடவை படகில்லை, ரயில்தான். நாகப்பட்டினத்தில் இறங்கி வெயிலில் நடந்தேன். பங்களாவை நெருங்குகையில் ஒரு சத்தம் கேட்டது. நமக்குப் பழகிய சத்தம், கவலை உருளை கிறீச்சிடுவது. தோட்டத்தில் ஒரு செடி இல்லை. காய்ந்த மணல். அதன் நடுவே இரண்டு மாடுகள் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. பறி மேலே வந்து கொட்டியது. தண்ணீர் ஓடையாக ஓடி, சுவர்த் துவாரம் வழியாக வெளியே மணலில் இறங்கியது. ஓடையின் இருபுறமும் உப்புப் பூத்திருந்தது.

தோட்டக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். "வாங்கய்யா! நீங்க சொன்ன மாதிரியே ஒரு நாள் விடாம எறைக்கிறோம். ஒரு வருசமாச்சு. இன்னும் தெளியல."

"நிறுத்துங்க" என்றேன்.

"துரை மலையில இருக்காரு. அவரு உத்தரவில்லாம..."

"எறைக்கச் சொன்னவன் நானுங்க. நாஞ் சொல்றேன், நிறுத்துங்க. எடங்காட்டுனதே பொய்யுங்க. கவை சுத்தவே இல்ல. நாந்தான் திருப்புனேன். துரைகிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "சொன்னவரே வந்து வேணாம்னா நிறுத்த வேண்டியதுதானே. முன்னாடியே ஒரு கார்டு போட்டிருந்தாக்கூட நிறுத்தியிருப்போமே ஐயா" என்று மாடுகளை அவிழ்த்தார்.

ஒரு கார்டு. மோகனூரில் தபால் பெட்டி இருந்தது. அதைத் தாண்டித்தான் வாரம் தவறாமல் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வேட்டியைக் கிணற்று உறையின் மேல் வைத்தேன். பறியில் தேங்கியிருந்த தண்ணீரை ஒரு கை எடுத்துக் குடித்தேன். சித்திரையில் குடிக்க வேண்டிய கை. தொண்டை எரிந்தது. விழுங்கினேன்.

வெளியே ஊற்றுப் பள்ளம் அப்படியே இருந்தது. யாரும் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, ஊர்ப்பக்கத்துப் பாதையில் அந்த அம்மாள் வந்தார். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அங்கிருந்து ஒன்றரை மைலில் ஒரு கோயில் குளம், அங்கே போய் வருகிறார்கள் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். எழுந்து நின்றேன்.

"ஏனுங்கம்மா, அந்தக் கெணத்துக்கு எடங்காட்டுனவன் நாந்தானுங்க."

அவர் இடுப்புக் குடத்தை மணலில் இறக்கினார். "தெரியும்யா. வாந்தி எடுத்துக்கிட்டே எறங்குனவர மறக்க முடியுமா?" என்றார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் கவலைச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தவர்போல் ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் உதடுகள் உப்பில் வெடித்திருந்தன.

மடியிலிருந்து கொட்டாங்குச்சியை எடுத்தார். குடத்தில் முக்கி நிறைய மொண்டார். நின்றார். பாதியைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றிவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார்.

"அரைதான்யா. வூட்டுல ஆறு பேரு."

நான் தண்ணீர் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்றரை மைல் சுமந்த தண்ணீர், என்னால் அவர் சுமக்க நேர்ந்த தண்ணீர். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தாகமாக இருந்தது. வாங்கிக் குடித்துவிட்டேன்.